முகச் சத்திரசிகிச்சை நிபுணராக வர விரும்பும் ஒரு யாழ்ப்பாண மாணவிக்கு

யாழ்ப்பாணத்தில் உயர்தரம் உயிரியல் பிரிவில் படிக்கிறீர்கள். முகமும் மண்டையோடும் சம்பந்தப்பட்ட சத்திரசிகிச்சை நிபுணராக வர ஆசை. அதற்கு எத்தனை வருடம் போகும், எம்.பி.பி.எஸ் படிக்க வேண்டுமா பல் மருத்துவம் படிக்க வேண்டுமா, அழகுச் சத்திரசிகிச்சையில் நல்ல வருமானம் என்கிறார்களே அது உண்மையா, பெண் பிள்ளைக்கு இது சரிவருமா என்று கேட்டிருக்கிறீர்கள். இவற்றுக்கு விடை சொல்லிவிடலாம். ஆனால் கடைசியில் 'எங்கட சொந்தத்தில டொக்டர் எண்டு ஒருவரும் இல்லை, யாரிட்டக் கேக்கிறது எண்டும் தெரியேல்லை' என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் உண்மையில் கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். இந்தப் பாதையில் உங்களைப் போன்ற ஒரு பிள்ளை போகலாமா, போனால் வழி காட்ட யார் இருக்கிறார்கள் என்பது. எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லிவிட வேண்டும். வடக்கில் அரச வைத்தியசாலைகளில் பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை நிபுணராகப் பல வருடமாக வேலை செய்கிறேன். உதட்டுப் பிளவு, வாயின் மேற்கூரை பிளந்திருக்கும் அண்ணப் பிளவு, தீக்காயம், மோட்டார் சைக்கிள் விபத்தில் உடைந்த முகம், போர்க்காலத்துத் தழும்பு, இவைதான் என் அன்றாடம். மண்டையோட்டைத் திறந்து கண்குழிகளை நகர்த்துவது, காலத்துக்கு முந்தி ஒட்டிக்கொண்ட குழந்தையின் மண்டையோட்டு எலும்புகளைப் பிரித்துவிடுவது போன்ற பெரிய வேலைகளில் வெளிநாட்டுப் பயிற்சியின்போது கூட நின்று உதவியிருக்கிறேன். இங்கே நான் அவற்றைச் செய்வதில்லை. அப்படி ஒரு குழந்தை வந்தால் நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணரும் குழந்தைகளுக்கான அதிதீவிர சிகிச்சைப் பிரிவும் ஒரே இடத்தில் இருக்கும் வைத்தியசாலைக்கு, பெரும்பாலும் கொழும்புக்கு, அனுப்புகிறேன். அந்தப் பகுதி பற்றி நான் சொல்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவனின் பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள்.

சரி, காலக் கணக்கு. எம்.பி.பி.எஸ் 5 வருடம். பிறகு ஒரு வருடம் இன்டர்ன், ஆறு ஆறு மாதமாக இரண்டு பிரிவுகளில். அது முடிந்தால்தான் இலங்கை மருத்துவ சபையில் முழுப் பதிவு. அப்புறம் வைத்திய அதிகாரியாக வேலை செய்துகொண்டே கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பட்டப்பின் மருத்துவ நிறுவகம் நடத்தும் தெரிவுப் பரீட்சைக்குப் படிக்க வேண்டும். நாங்கள் அதை பி.ஜி.ஐ.எம் என்போம். பொதுச் சத்திரசிகிச்சையில் எம்.டி முடித்து, பிளாஸ்டிக் சத்திரசிகிச்சையில் சீனியர் ரெஜிஸ்ட்ராராக, அதாவது நிபுணராவதற்கு முந்திய நிலையில், பயிற்சி பெற வேண்டும். அதில் ஒரு பகுதி வெளிநாட்டில். இவ்வளவும் முடிந்து நிபுணர் என்ற சான்று கிடைத்த பிறகுதான் முகம், மண்டையோடு என்று தனியாக ஒரு ஃபெலோஷிப், அதாவது மேலதிகச் சிறப்புப் பயிற்சி, பற்றி யோசிக்கலாம். பரீட்சைகளுக்கும் நியமனங்களுக்கும் இடையில் காத்திருக்கும் மாதங்களையும் சேர்த்து, உயர்தரத்துக்குப் பிறகு 15 வருடம் என்று மனதில் வையுங்கள். கூடலாம். பயிற்சி விதிகள் அடிக்கடி மாறுகின்றன. நீங்கள் அந்த இடத்துக்கு வரும்போது என் பேச்சை நம்பாமல் பி.ஜி.ஐ.எம் வெளியிடும் விதிகளை நேரே பாருங்கள். ஒன்றை மட்டும் வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லலாம். அரச பல்கலைக்கழகத்தில் படிப்புக்குக் கட்டணம் இல்லை. இன்டர்ன் தொடங்கிய நாளிலிருந்து சம்பளம் உண்டு, நிபுணராகப் பயிலும் காலத்திலும் உண்டு. காசில்லாத வீட்டுப் பிள்ளை இதைச் செய்ய முடியாது என்று யாராவது சொன்னால் அது பிழை.

எம்.பி.பி.எஸ்ஸா, பல் மருத்துவமா என்பதற்கு ஒரே விடை இல்லை, ஏனென்றால் முகத்துக்கு இரண்டு வாசலாலும் வரலாம். இலங்கையில் வாய், முக, தாடைச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் பல் மருத்துவப் பட்டத்திலிருந்து வருகிறவர்கள். உடைந்த தாடை, தாடைக் கட்டி, வெற்றிலை பாக்கு புகையிலையால் வரும் வாய்ப் புற்றுநோய் எல்லாம் அவர்கள் கையில். உதட்டுப் பிளவும் அண்ணப் பிளவும் இரு தரப்பாரும் செய்கிறோம். பிரித்தானியாவில் அதே துறைக்கு இரண்டு பட்டமும் வேண்டும். தாடையிலும் பல்லிலும் மனம் போனால் பல் மருத்துவம் நேரான வழி. தோல், தீக்காயம், கை, காது, உடலின் வேறு இடத்திலிருந்து தசை எடுத்து முகத்தில் பொருத்துவது இவற்றில் ஆர்வம் என்றால் எம்.பி.பி.எஸ். இரண்டில் ஒன்று உயர்ந்தது, மற்றது தாழ்ந்தது என்று ரியூசன் வட்டாரத்தில் பேசுவதைக் காதில் போட வேண்டாம்.

இந்த வேலை கிட்ட நின்று பார்த்தால் எப்படி இருக்கும் என்று ஒன்றைச் சொல்கிறேன். மூன்று மாதக் குழந்தை, ஒரு பக்க உதட்டுப் பிளவு. மயக்க மருந்து நிபுணர் குழாயைக் கீழுதட்டின் நடுவில் வைத்து ஒட்டியிருப்பார், உதடு ஒரு பக்கம் இழுபடாமல் இருக்க. உதட்டின் சிவப்பும் தோலும் சந்திக்கும் இடத்தில் மெல்லிய வெண்மையான மேடு ஒன்று ஓடும். கண்ணாடியில் உங்கள் உதட்டைப் பாருங்கள், தெரியும். பிளவின் இரு கரையிலும் அந்த மேடு எங்கே நிற்கிறது என்று உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, நீலச் சாயத்தில் தோய்த்த ஊசி நுனியால் புள்ளி வைப்போம். விறைப்பு ஊசி போடுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும். ஊசி மருந்தில் அட்ரினலின் கலந்திருக்கும். போட்டவுடன் உதடு வீங்கி வெளிறிவிடும், பிறகு அந்த எல்லை கண்ணுக்குத் தெரியாது. இரண்டு புள்ளிகளும் ஒரு மில்லிமீற்றர் விலகினால் போதும், அந்தப் பிள்ளை வளர்ந்து எதிரில் இருந்து பேசும்போது ஒரு படி தெரியும். தோலைத் தைப்பது அதில் சின்னப் பகுதிதான். உள்ளே உதட்டைச் சுற்றி ஓட வேண்டிய தசை பிளவில் அறுந்து மூக்கின் அடியில் போய் ஒட்டியிருக்கும். அதை அங்கிருந்து விடுவித்து நடுவில் கொண்டுவந்து இணைக்காவிட்டால், படத்தில் உதடு அழகாக இருக்கும், பிள்ளை அழும்போது ஒரு பக்கம் புடைத்துக்கொண்டு நிற்கும்.

இந்தச் சத்திரசிகிச்சையோடு வேலை முடியாது என்பதுதான் இந்தத் துறையில் நான் கற்ற முக்கியமான விஷயம். அண்ணமும் பிளந்திருந்தால் அதை ஒரு வயதை ஒட்டி மூடுவோம். மூடாத அண்ணத்தின் வழியே காற்று மூக்குக்குள் போய்விடும். 'ப'வுக்கு வேண்டிய அழுத்தம் வாயில் நிற்காது. அதனால் அந்தப் பிள்ளை 'அப்பா' என்று கூப்பிட்டால் 'அம்மா' போலக் கேட்கும். மூடிய பிறகும் பேச்சுப் பயிற்சி வேண்டும். காதின் உள்ளே நீர் தேங்கும், அதைப் பார்க்க வேண்டும். உங்கள் தம்பிக்கும் உதட்டுப் பிளவு இருந்தது, இப்போது 9 வயது என்று எழுதியிருக்கிறீர்கள். அவருடைய பல்முரசிலும் பிளவு இருந்திருந்தால், நிரந்தரக் கோரைப்பல் இறங்குவதற்கு முன், பொதுவாக 8 முதல் 11 வயதுக்குள், இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எலும்பு எடுத்து அந்த இடைவெளியை நிரப்ப வேண்டும். அந்தக் காலம் போய்விட்டால் பல் வர எலும்பு இருக்காது. இந்த மாதமே ஒரு பல் சீரமைப்பு நிபுணரிடம் காட்டி எக்ஸ்ரே எடுத்துப் பாருங்கள். அதன் பிறகு தாடை வளர்ச்சி நிற்கும் வயதில் தேவையானால் தாடையை முன்னே கொண்டுவருவது, கடைசியாக மூக்கு. ஒரே பிள்ளையை நான் 18 வயது வரை பார்க்கிறேன். ஒரு முகத்துக்கு நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரிய வருவதே அப்போதுதான்.

இதில் எது நிச்சயம், எது இன்னும் விவாதத்தில் என்பதையும் நீங்கள் தெரிந்திருக்க வேண்டும், வைத்தியராக வர விரும்புகிறவருக்கு இது முக்கியம். கிரகணத்தின்போது தாய் வெளியே போனதால் உதடு பிளந்தது என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்கிறார்கள்; கிளினிக்கில் எத்தனையோ தாய்மார் இதைச் சொல்லி அழுதிருக்கிறார்கள். அதில் உண்மை இல்லை, இது நிச்சயம். உலக அளவில் சுமார் 700 பிறப்புக்கு ஒன்று என்ற கணக்கில் இந்தப் பிளவுகள் வருகின்றன. பரம்பரையும், கர்ப்பகாலப் புகைத்தலும், வலிப்புக்குக் கொடுக்கும் சில மருந்துகளும் வாய்ப்பைக் கூட்டுகின்றன, இதுவும் நிச்சயம். ஃபோலிக் அமிலம் முள்ளந்தண்டுக் குறைபாட்டைக் குறைக்கும் என்பது உறுதியானது. உதட்டுப் பிளவைத் தடுக்குமா என்பதற்கு ஆதாரம் அவ்வளவு உறுதி இல்லை. அண்ணத்தை எப்போது மூடுவது என்பதும் நீண்ட நாள் விவாதம். 2023இல் வெளிவந்த, ஐரோப்பாவிலும் பிரேசிலிலும் நடந்த ஆய்வில், 6 மாதத்தில் மூடிய பிள்ளைகளில் 5 வயதில், பேசும்போது அண்ணம் மூக்குப் பாதையைச் சரியாக அடைக்காத குறை 8.9 வீதம், 12 மாதத்தில் மூடியவர்களில் 15 வீதம். பேச்சைப் பொறுத்தவரை முந்திச் செய்வது நல்லது என்று இது காட்டுகிறது. ஆனால் அவர்கள் வேறு நோயில்லாத பிள்ளைகள், சிறு குழந்தைக்கு மயக்க மருந்து கொடுப்பதில் தேர்ந்த நிலையங்கள். எடை குறைந்த, இரத்தச்சோகை உள்ள ஒரு குழந்தைக்கு அதே இலக்கத்தை அப்படியே பொருத்த முடியாது. முந்திச் செய்வதால் வரும் தழும்பு தாடை வளர்ச்சியை எவ்வளவு கட்டிப்போடும் என்பதற்கு அந்தப் பிள்ளைகள் வளர்ந்து முடியும்வரை பொறுத்திருக்க வேண்டும்.

அழகுச் சத்திரசிகிச்சைக்கு வருகிறேன். வருமானம் உண்டு, மறைக்கவில்லை. ஆனால் யாழ்ப்பாணத்தில் அந்த வேலை நீங்கள் காணொளிகளில் பார்ப்பது போல இல்லை. பாரத் தோடு போட்டுக் கிழிந்த காதுச் சோணை, முகப்பருத் தழும்பு, விபத்துத் தழும்பு, தீக்காயத்தால் இழுபட்ட கழுத்து, கலியாணத்துக்கு முன் முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லி வருகிறவர்கள். கடைசிக் கூட்டத்தாரிடம் நான் செய்வது பெரும்பாலும் அவர்கள் பூசிக்கொண்டிருக்கும் கிறீமை நிறுத்தச் சொல்வதுதான்; பாதரசமும் ஸ்டீரொய்டும் கலந்த கிறீம்கள் தாராளமாக விற்கப்படுகின்றன, அவை தோலை மெலிவாக்கி நிரந்தரமாகக் கெடுத்துவிடும். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் கனடாவிலிருந்தும் சுவிஸிலிருந்தும் வருகிறவர்கள் மூன்று கிழமை லீவுக்குள் மூக்கைத் திருத்தித் தரக் கேட்பார்கள். நான் மறுத்துவிடுவேன். மூக்கின் வீக்கம் முழுதாக வடிய ஒரு வருடம்வரை போகும். ஒரு தழும்பு முதிரவும் ஏறக்குறைய அவ்வளவு காலம் வேண்டும். திரும்பப் பார்க்க முடியாத முகத்தில் கத்தி வைக்கக் கூடாது என்பது என் முடிவு. சில சகாக்கள் இதை ஏற்க மாட்டார்கள். சின்ன ஊசிதானே என்று நினைக்கும் ஃபில்லர், முகத்தைப் புடைப்பாக்க ஊசியால் ஏற்றும் பொருள், தவறான இரத்தக் குழாய்க்குள் போனால் கண் பார்வையே போகலாம். அதை அழகு நிலையத்தில் வைத்துப் போடுகிறவர்கள் இருப்பது எனக்குப் பெரிய கவலை. காசுக்காக மட்டும் இந்தத் துறைக்கு வந்தால் 15 வருடம் தாங்காது, அதற்குக் குறுக்கு வழிகள் பல உண்டு. பிளவும் தீக்காயமும் பார்த்துப் பழகிய கை அழகு வேலையும் நன்றாகச் செய்யும். மறுபக்கமாக அப்படிச் சொல்ல முடியாது.

இனி வழிகாட்டி விஷயம். முகம், மண்டையோட்டுச் சத்திரசிகிச்சையைத் தொடங்கிவைத்தவர் என்று நாங்கள் சொல்லும் பிரான்ஸ் நாட்டு போல் டெஸியே 1917இல் பிறந்தவர். அவருக்கும் இந்தத் துறையைச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருக்கவில்லை, ஏனென்றால் துறையே இருக்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு இங்கிலாந்துக்குப் போய், போரில் சிதைந்த முகங்களைச் சீர்செய்த ஹரோல்ட் கில்லிஸ் போன்றவர்கள் வேலை செய்வதை நின்று பார்த்தார். பாரிஸில் பிணங்களில் பயில இடம் கிடைக்காமல், வேலை முடிந்த இரவுகளில் ரயிலேறி நாந்த் நகரத்துக்குப் போய்ப் பயின்றார். 1967இல் ரோமில் நடந்த மாநாட்டில் தன் நோயாளிகளின் முடிவுகளைக் காட்டினார். அதற்குப் பிறகு அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. பல துறை நிபுணர்களைத் தன் வைத்தியசாலைக்கு அழைத்து, நோயாளிகளை நேரில் காட்டி, அவர்கள் முன்னால் சத்திரசிகிச்சை செய்து, இதைத் தொடரலாமா வேண்டாமா என்று அவர்களிடமே தீர்ப்புக் கேட்டார். உங்களுக்கு வழிகாட்டி தேவையானால் இப்படித் தன் பழைய நோயாளிகளை மற்றவர்களுக்குக் காட்டத் தயங்காதவரைத் தேடுங்கள். ஒப்பரேஷனைப் பார்க்க எல்லோரும் கூப்பிடுவார்கள்; மீள்பார்வைக் கிளினிக்கில் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார வைக்கிறவர் குறைவு. அங்கேதான் அந்த வைத்தியரின் உண்மையான வேலை தெரியும், சரியாக வராதவையும் சேர்த்து.

நோயாளி எங்கிருந்து வந்தார் என்று கேட்கிறவராகவும் இருக்க வேண்டும். மண்ணெண்ணெய்க் குப்பி விளக்குச் சரிந்து எரிந்து வந்தவர்களைப் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாமல் நிற்கும், திருகு மூடியுள்ள, பாரமான, உயரம் குறைந்த விளக்கு ஒன்றை வடிவமைத்து நாடெங்கும் கொடுத்தார். 1998இல் அதற்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. அந்த விளக்கால் எரியாமல் தப்பிய முகங்கள் எந்தச் சத்திரசிகிச்சைத் தியேட்டருக்கும் வரவில்லை. எங்கள் மண்ணிலும் இப்படி ஒரு மரபு உண்டு. 1847இல் இங்கு வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், வட்டுக்கோட்டையிலும் மானிப்பாயிலும் வைத்து அறுபதுக்கு மேற்பட்ட தமிழ் வைத்தியர்களை உருவாக்கினார். உடற்கூற்றியலையும் சத்திரசிகிச்சையையும் தமிழ் நூல்களாக்கி, தமிழிலேயே கற்பித்தார். அவருடைய மாணவர்கள் பலருக்கும் சொந்தத்தில் முன்பே வைத்தியர் இருந்திருக்க மாட்டார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள்.

என்னிடம் வரும் மருத்துவ மாணவர்களுக்கு முதல் நாள் கத்தி கொடுப்பதில்லை. வாழைப்பழத் தோலைக் கீறித் தைக்கச் சொல்வேன். நூலைக் கொஞ்சம் இறுக்கினாலும் தோல் வெட்டுப்பட்டுப் போகும், கை மெதுவாக அதிலேயே பழகிவிடும். கிளினிக்கில், குழந்தையின் உதட்டைப் பார்ப்பதற்கு முன் தாயின் முகத்தைப் பார்க்கச் சொல்வேன். பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்று கேட்கச் சொல்வேன். நீங்கள் இப்போதே செய்யக்கூடியவையும் உண்டு. படம் கீறப் பழகுங்கள், பக்கவாட்டிலிருந்தும் கீழிருந்தும் முகத்தைக் கீறுங்கள். தையல் ஊசி பிடியுங்கள். ஆங்கிலத்தை வாசித்து வளருங்கள், மேற்படிப்பு முழுவதும் அதில்தான். சிங்களமும் கொஞ்சம் பேசக் கற்றுக்கொள்ளுங்கள், இன்டர்ன் காலத்தில் எந்த வைத்தியசாலைக்கும் போக நேரலாம். பாடசாலைப் பிள்ளையைத் தியேட்டருக்குள் விடுவது வழக்கமில்லை, அதற்காக யாரையும் கெஞ்ச வேண்டாம்.

பெண் பிள்ளைக்குச் சரிவருமா என்ற கேள்விக்கு, வரும் என்பதுதான் என் விடை. இந்த வேலைக்கு உடல் பலம் வேண்டாம், நிதானமான விரலும் நீண்ட பொறுமையும் போதும். கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. பயிற்சி உச்சத்தில் இருக்கும் வயதும் கலியாணம், பிள்ளைப்பேறு என்று வீட்டார் அவசரப்படுத்தும் வயதும் ஒன்றாக வந்து நிற்கும். எனக்குத் தெரிந்து அதைக் கடந்துவந்த பெண்களுக்கெல்லாம் வீட்டில் குறைந்தது ஒருவராவது முழு ஆதரவாக இருந்தார். உங்கள் அம்மாவிடம் இதை இப்போதே பேசத் தொடங்குங்கள்.

பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இஸட் புள்ளி போதாமல் போனால் என்ன என்பதையும் நினைக்க வேண்டும், ஏனென்றால் நன்றாகப் படித்த பிள்ளைகளுக்கும் அது நடக்கிறது. களனிப் பல்கலைக்கழகத்தில் பேச்சு, கேட்டல் துறையில் பட்டப்படிப்பு இருக்கிறது. அண்ணப் பிளவுக் குழுவில் நான் அதிகமாகத் தேடுவது தமிழில் பயிற்சி கொடுக்கத் தெரிந்த ஒருவரைத்தான். நான் மூடிய அண்ணம் பேச்சாக மாறுவது அவர்கள் கையில். இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை.

கடைசியாக, ஒருவரை எப்படி அணுகுவது. பல்கலைக்கழகம் போன பிறகு, முதல் வருடமே வேண்டாம், நோயாளிகளைப் பார்க்கத் தொடங்கும் காலத்தில் எழுதுங்கள். நான்கைந்து வரி போதும்: எந்த வருடம் படிக்கிறீர்கள், அவருடைய எந்தக் கிளினிக்கைப் பார்க்க விரும்புகிறீர்கள், எந்தக் கிழமை உங்களுக்கு நேரம் இருக்கிறது. 'சேர், எனக்கு வழிகாட்டுங்கோ' என்று மட்டும் எழுதினால் வேலை நெருக்கடியில் இருப்பவருக்கு என்ன பதில் எழுதுவது என்று தெரியாது. இரண்டு கிழமைக்குள் பதில் வராவிட்டால் கோபிக்காமல் இன்னொரு முறை எழுதுங்கள், அதற்கும் வராவிட்டால் வேறொருவருக்கு. போகும்போது ஒரு கொப்பி கொண்டுபோங்கள். நோயாளியின் பெயரை அதில் எழுதாதீர்கள், கைப்பேசியில் படம் எடுக்காதீர்கள். பார்த்ததில் விளங்காத ஒரு விஷயத்தை வீட்டில் வாசித்துவிட்டு அடுத்த கிழமை அதைப் பற்றி அவரிடம் கேளுங்கள்.